எட்டங்குலக் குழாய்க்குள் ஐந்து விரல்

மார்ச் 8, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். புத்தூரில் ரயில் இருபது நிமிஷம் லேட். ரேணிகுண்டாவில் இறங்கி பவுண்டரிக்கு ஓட்டமும் நடையுமாக. கேட்டில் என் பேருக்கு எதிரே சிவப்பு மை. பதினாலு வருஷ சர்வீஸில் மூன்றாவது சிவப்பு. எரிச்சல்.

இன்று பார்த்தது எட்டங்குலக் குழாய் பதினெட்டு. எல்லாம் திருத்தணிப் பக்கத்துக் குடிதண்ணீர் ஆர்டர். எல்லைத் தகராறு முடியட்டும் என்று போன வருஷம் பாதியில் நிறுத்தினார்கள். இப்போது முடிந்துவிட்டது. ஏப்ரல் ஒண்ணாந்தேதி திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்கிறது. அதற்குள் குழாய் முழுக்க வேகன் ஏற வேண்டுமாம். மானேஜர் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர் மாதிரி அலைகிறார். என் அக்கா திருத்தணியில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள். அவள் அடுப்படியை விட்டு நகரவில்லை, ராஜ்யம் மட்டும் மாறப்போகிறது.

தள்ளியது:
வாய் விரிசல் 1
சுவர் மெலிவு 1
சுத்தியால் தட்டினால் மொட்டைச் சத்தம் 1

இன்னொன்று. ஏழாவது குழாய். வழக்கம்போலக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து உள்ளே விட்டு எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு கை.

கை என்றால் கைதான். உள்ளங்கையும் ஐந்து விரலும், உள்சுவரிலிருந்து புடைத்துக்கொண்டு. இரும்பில்.

நரசிம்முலுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தண்ணீர் அழுத்தம் ஏற்றிக் குழாயைச் சோதிக்கிற ஆள் அவன். பார்த்துவிட்டு எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். தொடவே இல்லை, எதைத் துடைத்தான் தெரியவில்லை.

ரூல்படி உடைக்கச் சொன்னேன். உடைத்தார்கள். துண்டெல்லாம் மறுபடி உலைக்கு.

சாயந்தரம் டீ ஆறிப்போயிருந்தது.

மார்ச் 9, புதன்

இன்று இரண்டு. ஒன்று வாயிலிருந்து நாலடி உள்ளே, இன்னொன்று நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. நூல் விட்டு அளந்தேன். நேற்றையது நாலரை.

இரண்டையும் உடைத்தாயிற்று.

நேற்றே தெரிந்ததை இன்று எழுதுகிறேன். சுண்டுவிரல் உள்பக்கமாகக் கோணல். கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டு, கட்டுப் போடாமல் விட்டு, அப்படியே ஆறிப்போன விரல். அந்த விரலோடு பத்து வருஷம் குடித்தனம் நடத்தினவன் நான், எனக்குத் தெரியாதா?

கன்னியம்மாவின் கை.

அவள் போய் மூன்று மாசம். மார்கழியில் நாராயணவனத்து ஆற்றங்கரையில் நானேதான் கொள்ளி வைத்தேன்.

மார்ச் 10, வியாழன்

தூக்கமில்லை. வேலைக்குப் போனதும் முதல் காரியம், கோர் கொட்டகை மேஸ்திரியைப் பிடித்தது. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்.

“இதுக்கா மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கீது? பழைய கோருய்யா. போன ஆனி மாசம் பூசினது. ஆர்டரு நின்னுபோச்சு இல்ல, ஒம்போது கோரு பழைய அடுப்புக் கொட்டாயில அப்பிடியே கெடந்துச்சு. இப்ப அவசரத்துக்கு எடுத்து ஊத்திக்கினு கீறோம். உம் பொஞ்சாதி பூசினதுதான். இன்னும் ஆறு கீது.”

உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவுதானா. நெஞ்சில் இருந்த கல் இறங்கிற்று. இறங்கி வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன், எழுதினால் பயம் தெளியும். நீளமான இரும்புத் தண்டு. அதன் மேல் வைக்கோல் பிரியைச் சுற்றுகிறார்கள். பிரிமேல் சாணியும் களிமண்ணும் மணலும் பிசைந்து பூசி, தண்டை உருட்டிக்கொண்டே பலகையால் வழித்து வழவழப்பாக்கி, அடுப்பில் காயவைத்து, கரி பூசினால் அது கோர். அதை அச்சுக்கு நடுவில் நிறுத்தி, சுற்றியுள்ள சந்தில் உருகின இரும்பை ஊற்றுகிறோம். உள்ளே வைக்கோல் எரிந்து போகும், தண்டு கழன்று வரும், கோர் இருந்த இடம் தண்ணீர் ஓடுகிற ஓட்டை. ஆகவே கோரில் பள்ளம் இருந்தால் குழாயில் மேடு. ஈரக் கோரில் யாராவது கையை வைத்தால், குழாய்க்குள் அந்தக் கையே இரும்பாக நிற்கும்.

கன்னியம்மா கையை வைத்தாள். வேண்டுமென்று இல்லை. சின்ன வயசிலிருந்து வரட்டி தட்டின கை. சாணி கலந்த மண்ணைப் பூசி, பலகையால் வழித்து முடித்ததும், வரட்டிக்குக் கடைசியாகக் கொடுப்பது மாதிரி ஒரு தட்டு. இரண்டு மெதுவாக, மூன்றாவது ஓங்கி. முதல் இரண்டும் பதியாது. மூன்றாவது பதிந்துவிடும். நூறு தரம் சொன்னாலும் அவள் கைக்குக் காது கிடையாது.

போன ஆனியில் அப்படி ஒரு குழாயைக் கண்டுபிடித்தது யார்? நான். ரிப்போர்ட்டில் ‘கோர் வேலை கவனக்குறைவு, கன்னியம்மா’ என்று எழுதியது யார்? அதுவும் நான். பெண்டாட்டி என்று பார்க்காமல் எழுதினான் என்று மானேஜர் எல்லோர் முன்னாலும் தோளில் தட்டினார். எனக்குப் பெருமை வேறு. அவளைக் கோர் பூசுகிற வேலையிலிருந்து எடுத்து, காயவைக்கிற அடுப்புக்குக் கரி போடப் போட்டார்கள். ஆறு மாசம் புகை. இருமல். மார்கழி.

ரிப்போர்ட் எழுதின அன்று சாயந்தரம் ரயிலில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. சண்டையாகக்கூட இல்லை.

“நீ மட்டும் கண்டுக்காத மாதிரி போயிருந்தா இன்னாய்யா?”

ரூல் ரூல்தான் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நகரி வண்டிக்குக் கிராஸிங் போட்டிருந்தார்கள், நாற்பது நிமிஷம் நின்றது, அவள் திரும்பவே இல்லை.

மார்ச் 12, சனி

நாலாவது வந்தது. கை மூன்றரை அடியில். உடைக்கச் சொல்ல வாய் வரவில்லை. சாக்பீஸால் ‘சந்தேகம்’ என்று எழுதி நரசிம்முலுவிடம் அழுத்தச் சோதனைக்கு அனுப்பினேன். சந்தேகம் என்று நான் எழுதி யாரும் பார்த்ததில்லை. என் கணக்கில் சரி, சரியில்லை இரண்டுதான்.

குழாயின் இரண்டு முனையையும் மூடித் தண்ணீர் ஏற்றினான். முள் ஏறிக்கொண்டு வந்தது. கசிவில்லை. வெளியே சுத்தியால் தட்ட வேண்டியது, சுத்தியை எடுக்கப் போனான்.

தட். தட். தட்ட்.

சுத்தி இன்னும் தரையில்தான் இருந்தது.

மறுபடி. இரண்டு மெதுவாக, ஒன்று ஓங்கி. குழாய்க்குள்ளிருந்து.

நரசிம்முலு பின்னாலேயே நகர்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். “லோபல எவரோ உன்னாரன்னா.” உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று எனக்கு அவன் தெலுங்கில் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மேஸ்திரி வந்தார். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எல்லோர் காதிலும் விழுந்தது, என் பிரமை இல்லை. “காத்துப்பா. உள்ள காத்து மாட்டிக்கினு அடிக்கிது. மூடியத் தெறந்து உடு” என்றார் மேஸ்திரி. சொன்னவர் கிட்டே வரவில்லை.

எனக்குப் பயம் வந்து, பயம் வந்ததே கோபமாகி, உடையுங்கடா என்று கத்திவிட்டேன். உடனே, கை இருக்கிற பக்கம் அடிக்காதே, மறுமுனையில் அடி, அந்தத் துண்டு எனக்கு வேண்டும் என்றேன். மறுமுனையில்தான் அடித்தான். விரிசல் ஓடி வந்து நேராகக் கைக்குள்ளேயே புகுந்தது. ஐந்து விரலும் ஐந்து துண்டாக. பொறுக்கி ஒட்டவைத்துப் பார்த்தேன், கோணல் விரல் நொறுங்கிப் போயிருந்தது.

அள்ளிக்கொண்டு போய் நானே உலையில் போட்டேன்.

மார்ச் 13, ஞாயிறு

வீடு. துணி துவைத்தது. முருங்கைக்காய்க் குழம்பு, உப்பு அதிகம்.

பத்து மணிக்குப் பின்சுவரில் தட், தட், தட்ட். செம்பு கையிலிருந்து விழுந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி வரட்டி தட்டிக்கொண்டிருக்கிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏண்ணா, செவுரு அசிங்கமாப் போயிடும்னு பாக்கறியா? நாளைக்கி எடுத்துட்றேன்” என்றாள். இருக்கட்டும் அம்மா, எடுக்காதே என்றேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள்.

வரட்டி ஒவ்வொன்றிலும் கை. எல்லாம் நேரான சுண்டுவிரல்.

மார்ச் 15, செவ்வாய்

நரசிம்முலு மொட்டை. சனிக்கிழமை இங்கிருந்து நேராகத் திருப்பதி, அங்கிருந்து மலை. லட்டு கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தான். எனக்கு மட்டும் இரண்டு. “மீ இண்டாவிடக்கி ஒகட்டி அன்னா” என்றான். உன் வீட்டுக்காரிக்கு ஒன்று. என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் பழைய அடுப்புக் கொட்டகைக்குப் போனேன். ஓட்டுச் சந்து வழியாக வெயில். ஐந்து கோர், வரிசையாகத் தாங்கிமேல் படுத்தவாக்கில், கரி பூசிக்கொண்டு. ஒவ்வொன்றிலும் அவள் கை பள்ளமாக. எப்படி எட்டு மாசம் யாருமே பார்க்காமல் இருந்தார்கள்? பார்க்கிற வேலை எனக்கு மட்டும்தான்போல.

துண்டும் உடைந்துவிட்டது, இந்த மண்ணிலாவது அவள் கையைத் தொடலாம் என்று நினைத்தேன். என் கையை அந்தப் பள்ளத்தில் வைத்தேன். வைத்ததுதான். எட்டு மாசம் காய்ந்த மண், பொலபொலவென்று உதிர்ந்து காலடியில் கொட்டிற்று. உள்ளே வைக்கோல் தெரிந்தது.

மேஸ்திரி சத்தம் கேட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டார். “ஒரு கோரு போச்சா? யோவ் செக்கரே, நாங்க கெடுத்தா நீ எழுதுவ. நீ கெடுத்தா ஆரு எழுதறது?”

காலடியில் கொட்டின மண்ணைக் கூட்டி அள்ளினேன்.

மிச்சம் நாலு.

மார்ச் 18, வெள்ளி

யோசித்து யோசித்து வந்த முடிவு:
மண்ணாக வைத்தால் உதிர்கிறது.
தள்ளினால் உடைத்து உருக்கிவிடுவார்கள்.
சரி என்று விட்டால் திருத்தணிப் பக்கம் போய் மண்ணுக்குள்.

வேறு வழி கிடையாது. வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்பதடி இரும்புக் குழாய் என்ன கூஜாவா?

நாலையும் ஊற்றட்டும். உடைக்க மட்டும் மாட்டேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 22, செவ்வாய்

மேகமூட்டம். கண்ணாடிக்கு வெயில் இல்லை, பதினோரு மணி வரை சும்மா.

நாலில் இரண்டு வந்துவிட்டது. கை மூன்றடி. இரண்டேமுக்கால்.

வரிசையைப் பார்க்கிறேன். நாலரை, நாலு, நாலுக்குக் குறைவு, மூன்றரை, மூன்று, இரண்டேமுக்கால். மேஸ்திரியிடம் எந்த வரிசையில் கோரை எடுத்தீர்கள் என்று கேட்டேன். “கைக்கு வந்தத எடுத்தோம். வரிச இன்னா வரிச?” என்றார்.

வாய்ப்பக்கம் வந்துகொண்டே இருக்கிறாள்.

இரண்டையும் புளியமரத்தடியில் தனியாக அடுக்கச் சொன்னேன். ‘சந்தேகம்’.

மார்ச் 24, வியாழன்

மூன்றாவதும் நாலாவதும். இரண்டரை அடி. இரண்டேகால்.

மானேஜர் புளியமரத்தடிக்கே வந்துவிட்டார். “ஏகாம்பரம் காரு, சந்தேகம்னா இன்னா அர்த்தம்? சரின்னா எழுதுங்க, இல்லாட்டி உடைங்க. முப்பத்தொண்ணாந்தேதி மெட்ராஸ் பக்கத்து ஆபீசர் வந்து பாத்துட்டு வேகன்ல ஏத்தறாரு. அதுக்கப்பறம் நம்ம ஆர்டரு நம்மளுது இல்ல.”

இரண்டு நாள் டைம் கேட்டேன். பதினாலு வருஷத்தில் நான் டைம் கேட்டதில்லை, அதனால் கொடுத்தார்.

ஆர்டருக்கு இன்னும் ஒரு குழாய் குறைகிறது. நான் உதிர்த்த கோருக்குப் பதில். புதிதாக ஒன்று பூசுகிறார்கள்.

மார்ச் 25, வெள்ளி

புது கோரைப் பட்டம்மா பூசினாள். கன்னியம்மா இடத்துக்கு வந்தவள், ஏகாம்பரகுப்பத்துப் பெண், முன்னே தறி வேலை. வரட்டி தட்டத் தெரியாதாம். நான் ஸ்டூல் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாண்ணா, பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி குந்திக்கினு கீற? எனக்குக் கை நடுங்குது” என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பிரி சுற்றினாள். மண் பூசினாள். பலகையால் வழித்தாள். நான் விளக்குப் பிடித்து முனையிலிருந்து முனை வரை பார்த்தேன். முட்டை ஓடு மாதிரி வழவழப்பு. அடுப்பில் ஏற்றிக் கதவை மூடுகிற வரை நின்றேன். கதவில் சாக்பீஸால் என் கையெழுத்துப் போட்டேன்.

இதில் எதுவும் இருக்காது. இதோடு முடிந்தது.

முடிய வேண்டும் என்று ஆசையா, கூடாது என்று ஆசையா? தெரியவில்லை.

மார்ச் 26, சனி

காலை: அடுப்புக் கதவில் என் கையெழுத்து கலையாமல். கோர் சுத்தம். கரி பூசினார்கள், அதையும் பார்த்தேன், சுத்தம். என் கண் முன்னால் அச்சுக்குள் இறக்கினார்கள், பதினொன்றரைக்கு ஊற்றினார்கள். நெருப்புச் சிவப்பாக இறங்கும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு புருவம் பொசுங்கிவிட்டது.

ஆறட்டும் என்று விட்டுவிட்டு வந்தோம்.

மார்ச் 28, திங்கள்

யுகாதி. லீவு. பக்கத்து வீட்டில் வேப்பம்பூப் பச்சடி கொடுத்தார்கள். அக்காவுக்குக் கார்டு: ‘ஒண்ணாந்தேதியிலிருந்து நீ வேறு ராஜ்யம், மரியாதையாகப் பேசு.’ போன வருஷம் இதே யுகாதிக்குக் கன்னியம்மா புதுப் புடவை கேட்டாள். தீபாவளிக்குப் பார்க்கலாம் என்றேன். தீபாவளிக்கு அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 29, செவ்வாய்

கை இருக்கிறது.

புது கோர். பட்டம்மா பூசியது. நான் விளக்குப் பிடித்துப் பார்த்தது. வாயிலிருந்து ஒரு முழம். கோணல் சுண்டுவிரல்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். கண்ணாடியில் பார்த்தார். அதற்குமேல் காற்று, கீற்று என்று எதுவும் சொல்லவில்லை. பட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கையை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “என்னுது இல்லண்ணா. சத்தியமா என்னுது இல்ல.” தெரியும் அம்மா, நீ போ என்றேன்.

எல்லோரும் போனபின் தரையில் படுத்து, கையை உள்ளே விட்டேன். முழங்கை வரை போதும். இனி நூல் தேவையில்லை, அளவு தேவையில்லை.

உள்ளங்கையோடு உள்ளங்கை பொருந்திற்று. மூன்று நாள் ஆறின குழாய், வெளியே தொட்டால் நிழலில் கிடக்கிற கல் மாதிரி சில். உள்ளே அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பு. அடுப்படியிலிருந்து எழுந்து வந்த கையின் சூடு. தட்டிவிட்டுப் போன கை இல்லை இது. விரல்கள் லேசாக மடங்கி இருந்தன, பிடித்துக்கொள்கிற மாதிரி.

எவ்வளவு நேரம் படுத்திருந்தேன் தெரியாது. சட்டையெல்லாம் எறும்பு.

இப்போது புரிகிறது. முதல் நாலு குழாயை உடைத்தேனே, துண்டெல்லாம் எங்கே போயிற்று? உலைக்கு. உலையிலிருந்து? அடுத்தடுத்த குழாய்க்கு. மண்ணிலிருந்த கையை நான்தான் இரும்புக்குள் அனுப்பியிருக்கிறேன். உடைக்க உடைக்கக் கிட்டே வந்திருக்கிறாள். வந்து என்ன கேட்கப்போகிறாள்? ரயிலில் கேட்டதைத்தான். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லையே.

மார்ச் 30, புதன்

பயங்கர வெயில். வெள்ளைப் பெயிண்ட் டப்பா, பிரஷ்.

புளியமரத்தடியில் ஐந்து குழாய். பழைய கோர் நாலு, புதுசு ஒன்று. காலையில் ஐந்திலும் பார்த்தேன். ஐந்திலும் இருக்கிறது.

உள்ளே தார் பூசி எடுத்தார்கள். தாருக்குப் பிறகும் பார்த்தேன். இருக்கிறது, கறுப்பாக.

நாளைக்கு ஆபீசர் கண்ணாடி பிடித்துப் பார்த்தால் என் கதை முடிந்தது. தெரிந்தே கெட்ட குழாயை ஏற்றினான் என்று ஆகும். வேலை போகும். ஆர்டரே நின்றாலும் நிற்கும். மேஸ்திரி தாழ்ந்த குரலில், “அஞ்சையும் உடச்சுடு செக்கரே. அஞ்சு கொறஞ்சா மானேஜரு கத்துவாரு, கத்திட்டுப் போறாரு. ஒனக்கின்னா?” என்றார். எனக்காகத்தான் சொன்னார். நியாயம்தான்.

‘சந்தேகம்’ என்பதை ஈரத்துணியால் அழித்தேன். ஐந்திலும் வெள்ளைப் பெயிண்டில் ‘சரி’. கீழே என் இனிஷியல்.

ஒரு ‘சரி’ கோணல். திருத்தவில்லை.

மார்ச் 31, வியாழன்

வெயில். காற்றே இல்லை. ஆறே முக்காலுக்கே வந்துவிட்டேன், ஐந்திலும் கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். ஐந்து கையும் அப்படியே.

ஆபீசர் பத்து மணிக்கு. வயசானவர், கதர்ச் சட்டை, குடை. நிதானமான மனிதர், அதுதான் பயம். எல்லாக் குழாயையும் சுத்தியால் தட்டிக்கொண்டே வந்தார். பத்துக்கு ஒன்று கண்ணாடி பிடித்து உள்ளே பார்த்தார். மானேஜர் பின்னால் மோர் டம்ளரோடு. புளியமரத்தடிக்கு வந்ததும் நின்றார்.

“இந்த அஞ்சு மட்டும் ஏன் தனியா இருக்கு?”

மானேஜர் என்னைப் பார்த்தார்.

“கடைசியா வந்ததுங்க” என்றேன்.

“உள்ள ஏதாவது குறை இருக்கா?”

ஒரு வினாடிதான். மேஸ்திரி மரத்தின் மேல் என்னவோ இருக்கிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நரசிம்முலு கண்ணை மூடிக்கொண்டான், அந்த மொட்டைத் தலையில் வேர்வை.

“ஒண்ணும் இல்லீங்க.”

“நீங்களே பாத்தீங்களா?”

“நானே பாத்தேன். ஒண்ணும் இல்லீங்க.”

சொல்லிவிட்டேன். ஒன்பது மாசம் லேட்டாக.

நம்பிவிட்டார் என்று நினைத்தேன். குடையை மடக்கி மானேஜரிடம் கொடுத்தார். கையை நீட்டினார். “அந்தக் கண்ணாடியக் குடுங்க.”

கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியுமா? அவர் குனிந்து வெயிலை உள்ளே விட்டார். முதல் குழாய். நேரம் எடுத்தார். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது. ஐந்தாவதில் கண்ணாடியை வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தோள் வரை கையை உள்ளே விட்டுச் சுற்றிலும் தடவினார்.

வெளியே எடுத்தார். கை முழுக்கத் தார்க் கறுப்பு.

“வழவழன்னு வந்திருக்கு. மத்ததைவிட இந்த அஞ்சும் நல்ல வேலை. கோர் பூசினது யாரு?”

மேஸ்திரிதான் சொன்னார், “கன்னியம்மான்னு ஒருத்திங்க.”

ஆபீசர் தலையாட்டிவிட்டு மோர் குடிக்கப் போனார். நான் விழுந்தடித்துக்கொண்டு கண்ணாடி பிடித்தேன். ஐந்திலும். சுத்தம். கையை உள்ளே விட்டேன். சில்லென்று இரும்பு. காலையில் இருந்தது, நாலு மணி நேரத்துக்கு முன்னால் இருந்தது.

எடுத்துக்கொண்டாள். நான் பொய் சொன்னது கேட்டிருக்கிறது. அந்தப் பொய்யில் நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தன் கையை எடுத்துக்கொண்டாள். அவள் பிசகை நான் ஒரு நாள் மறைக்கவில்லை. என் பிசகை அவள் ஒரு நிமிஷத்தில் மறைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு வேகன் ஏற்றினார்கள். நாலே காலுக்குக் கிளம்பிற்று. வண்டி கண் மறைகிற வரை ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் நின்று அழுதேன். போர்ட்டர் ஒருவன், “ஆரு போறாங்க?” என்று கேட்டான். சம்சாரம் என்றேன்.

ஏப்ரல் 1, வெள்ளி

ராஜ்யம் மாறிவிட்டதாம். ரயிலில் எல்லோரும் அதே பேச்சு. “பள்ளிப்பட்டும் போச்சு. நம்ம புத்தூரு மட்டும் இங்கியே.” ரயில் சரியான டைம்.

இன்று பார்த்தது பன்னிரண்டு. பன்னிரண்டும் சுத்தம். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்தேன். தண்ணீர் ஏற்றும்போது நரசிம்முலு பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்டேன். அவன் பாவமாகப் பார்த்தான். ஒன்றுமில்லை.

மத்தியானம் கோர் கொட்டகை. பட்டம்மா ஒரு கோரை வழித்து முடித்திருந்தாள். பூசி முடிச்சதும் அதுமேல ஒரு தட்டுத் தட்டும்மா என்றேன். இரண்டு மெதுவா, மூணாவது ஓங்கி.

“அது தப்பாச்சேண்ணா? கை பதிஞ்சுடும். நீயே எழுதுவ.”

“எழுத மாட்டேன். கண்டுக்கவே மாட்டேன். தட்டு.”

சிரித்துக்கொண்டே தட்டினாள். ஈரக் களிமண். மூன்றாவதை நான் சொன்ன மாதிரியே ஓங்கி. கையை எடுத்தாள். அவள் உள்ளங்கை முழுக்க மண் ஒட்டியிருந்தது.

கோரில் ஒரு விரல்கூடப் பதியவில்லை. இதையும் கன்னியம்மா எடுத்துக்கொண்டாள்.